அறுபது விதைக் கனம்

அந்த டின்னைத் தூக்கப் பார்த்து முதன்முதலில் தோற்றவர் சிக்கந்தர் பாய்தான். அவரும் வீரம் காட்டுவதற்காகத் தூக்கவில்லை. பக்கத்துப் பூண்டுக் கடையிலிருந்து பேச்சுத் துணைக்கு வந்தவர், ஸ்டூலின் மேலிருந்த பழைய சாக்லேட் டின்னை நகர்த்தி வைத்துவிட்டு உட்காரலாம் என்று ஒரு கையால் பிடித்தார், பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மறு கையையும் போட்டார். ஐம்பது கிலோ பூண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூஞ்சிக்கல் மேட்டை ஒரே மூச்சில் ஏறுகிற மனுஷர், முகம் சிவந்ததுதான் மிச்சம், டின் அசையவில்லை. "என்னப்பா பெலவேந்திரா, ஸ்டூலோட சேத்து ஆணி அடிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார். பெலவேந்திரன் கையிலிருந்த வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதில என்ன பாய் இருக்கு, கழட்டிப் போட்ட நாக்குதான்," என்றான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்டூலின் நாலு காலும் நாலு பக்கமாக விரிந்து, டின் நேரே கீழே இறங்கி, சிமெண்டுத் தரையில் தன் அளவுக்கு ஒரு பள்ளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பாய் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். "சரி, நான் நின்னுக்கிட்டே பேசுறேன்," என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நாக்கு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகிற சாலையில், வாடகைக் குதிரைகள் நிற்கிற வளைவைத் தாண்டினால் பெலவேந்திரனின் வீடியோ கேம் கடை. ஆறு மெஷின், ஒவ்வொன்றும் ஆள் உயர அலமாரி, அதில் ஒரு திரை, திரைக்குக் கீழே ஒரு பலகை, பலகையில் சிவப்புக் குண்டு வைத்த ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் திரையில் விமானம் போகும். ஆடுகிறவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் பலகையைக் கழற்றித் திருப்பினால் குச்சியின் அடியைச் சுற்றி நாலு திசைக்கும் நாலு கறுப்பு ஸ்விட்ச் இருக்கும், ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதிகூடத் தேறாது, அதற்குள் வளைந்த ஒரு செப்புத் தகடு. குச்சி வந்து இடித்தால் தகடு மறுபக்கம் மடங்கி 'டிக்' என்கும், விட்டால் திரும்பி வரும். அந்தத் தகட்டைத்தான் பெலவேந்திரன் நாக்கு என்பான். நாக்கு தடித்தால் குச்சி முரண்டு பிடிக்கும், மெலிந்தால் தொட்டவுடன் போகும். கம்பெனிக்காரன் கொடுத்த நாக்கை அப்படியே விட்டுவைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பிரிப்பான், உப்புத்தாளால் தேய்ப்பான், வளைப்பான், திரும்ப மாட்டுவான், குச்சியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நாலு பக்கமும் தள்ளிப் பார்ப்பான், மறுபடி பிரிப்பான். நாக்கின் கனம் பார்க்க அவனிடம் இருந்தது காய்ந்த பட்டர் பீன்ஸ் விதைதான். ஸ்விட்சின் மேல் ஒரு சோடா மூடியை மல்லாத்தி வைத்து, அதில் ஒவ்வொரு விதையாகப் போட்டுக்கொண்டு வருவான், எத்தனையாவது விதையில் டிக் என்கிறதோ அதுதான் அந்த நாக்கின் கனம். கம்பெனி நாக்கு முப்பது விதை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அமலோற்பவம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியோடு கடைக்கு வருவாள், நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், மீதி நேரம் முழுக்க மூன்றாவது மெஷினில் விமானம் ஓட்டுவாள். ஒரு நாள் ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏங்க கடைக்காரரே, உங்க குச்சி என்ன, டீயில ஊறுன பன்னு மாதிரி நொளநொளன்னு இருக்கு? தள்ளுனா தள்ளுனது கைக்குத் தெரிய வேணாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். பெலவேந்திரனுக்கு மானம் போனது. அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, நீலகிரித் தைலம் காய்ச்சுகிற கொட்டகையில் விரிசல் விட்டு மூலையில் கிடந்த செப்புப் பானையின் விளிம்பை வெட்டி வாங்கி வந்து, மூன்று நாள் உட்கார்ந்து நாலு நாக்கு அறுத்தான். ஒவ்வொன்றும் அறுபது விதை. மாட்டி வைத்த பிறகு அந்த மெஷினில் ஆடிய ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "இது சரியில்ல, ரிப்பேரு," என்று ஒதுங்கிப் போனார்கள். அமலோற்பவம் வந்தாள், குச்சியை வலப்பக்கம் ஒரு தடவை தள்ளினாள், 'டிக்' கேட்டது. "இப்பத்தான் இது குச்சி," என்றாள். அந்த மே மாசமே மாதா கோயிலில் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது, அவனுக்கு அவள் அமலி ஆனாள். அவன் ஆயுசில் முதன்முதலாக ஒரு ஸ்விட்சைப் பிரித்து மாற்றியது அதுதான், கனத்தைக் கூட்டுவதற்காக மாற்றியது. அதற்குப் பிறகு ஆயிரம் ஸ்விட்ச் பிரித்துவிட்டான், இதை மறந்துபோனான்.

பிறகு அமலியின் கையிலிருந்து முதலில் டம்ளர் நழுவியது, அப்புறம் சீப்பு, அப்புறம் ஜெபமாலை. மதுரைக்குக் கூட்டிப் போனான். அங்கே டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சதை இப்படியே வற்றிக்கொண்டு போகும், கைதான் முதலில் போகும், இதற்கு மருந்து கிடையாது, இருக்கிற வரைக்கும் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ் மலையேற ஆரம்பித்ததும் அமலி கேட்டாள், "என்ன சொன்னாரு?" அவன் சொன்னான், மறைக்கத் தெரியாதவன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பத்து வளைவை எண்ணினாள். அப்புறம், "எது போனாலும் போகட்டும், கை இருக்கிற மட்டும் மூணாவது மெஷின் என்னோடது," என்றாள். "உன்னோடதுதான்," என்றான் அவன். மறுநாள் காலையில், அவள் கடைக்கு வருவதற்கு முன்னால், அந்த நாலு செப்பு நாக்கையும் கழற்றி டின்னில் போட்டுவிட்டு ஐம்பது விதை நாக்கை மாட்டினான். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த மாசம் ஐம்பதைக் கழற்றி நாற்பது. அதற்கடுத்து இருபத்திரண்டு, அப்புறம் ஒன்பது, அப்புறம் மூன்று. அவள் கை ஒரு படி இறங்க இறங்க அவனும் ஒரு படி இறக்கினான், கழற்றியதையெல்லாம் டின்னில் போட்டான், அவள் என்றும்போல விமானம் ஓட்டினாள். கழற்றிய கனம் எங்கே போகிறது என்று யார் யோசித்தார்கள்? அது போகவில்லை. டின்னிலேயே கிடந்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு நாள் ஸ்டூலை முறித்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. டின் விழுந்த இடம் கடை வாசலை ஒட்டி இருந்ததால் குதிரைக்காரர்கள் மிரளுகிற குதிரையின் கயிற்றை அதில் கட்டினார்கள், எந்தக் குதிரையும் அதை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கேரட் வியாபாரிகளுக்குள் சண்டை வந்தால், "டின்னைத் தொட்டுச் சொல்லு," என்று கூட்டி வந்தார்கள், தொட்டவன் பொய் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பள்ளத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனார், அதோடு சரி. பங்குச்சாமியார் வந்து குனிந்து பார்த்தார், தீர்த்தம் தெளிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "கனமா இருக்கிறது பாவமில்லையேப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிக்கந்தர் பாய்தான் கணக்குப் போட்டார். "கனம் இங்கிட்டு இருக்குன்னா, அங்கிட்டு இல்லன்னுதானே அர்த்தம்?" என்று மூன்றாவது மெஷினின் குச்சியைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார், தொட்டதும் விமானம் ஓடியது. மறுநாளே தன் கடை பெல்லின் ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டு வந்து, "அம்மாவுக்கு விரல் மூட்டுல வாதம், பெல்லை அமுக்க முடியல, இதுலயும் கொஞ்சம் எடுத்து விடேன்," என்றார். பெலவேந்திரன் எடுத்து விட்டான். எடுத்த நாக்கை டின்னில் போட்டான், டின் இன்னும் ஒரு நூல் இறங்கியது. அதற்குப் பிறகு யாரைத் தடுக்க முடியும்? கன்னியர் மடத்திலிருந்து மணி ஸ்விட்ச் வந்தது, மாவு மில்லிலிருந்து மோட்டார் ஸ்விட்ச் வந்தது, நாயுடுபுரத்திலிருந்து தண்ணீர்ப் பம்பு ஸ்விட்சும், லாட்ஜ்களிலிருந்து சாக்குப்பை நிறைய லைட் ஸ்விட்சும் வந்தன. மலையில் இருக்கிற எல்லார் விரலும் குளிரில் மரத்துப்போன விரல்தான், எல்லாருக்கும் கனம் குறைந்தால் நல்லதாகத்தான் இருந்தது. இரண்டே மாசத்தில் ஊர் முழுக்க எந்த ஸ்விட்சையும் யாரும் அமுக்க வேண்டியிருக்கவில்லை. கையைக் கொண்டுபோனாலே விளக்கு எரிந்தது. பிறகு கையைக் கொண்டுபோகாமலே எரிந்தது. காற்றடித்தால் மாவு மில் ஓடியது, பூனை நினைத்தால் பம்பு ஓடியது, "மோட்டாரை நீ போட்டியா, நான் போட்டேனா?" என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தது, வந்த சண்டையும் யார் ஆரம்பித்தது என்று தெரியாமலே முடிந்தது. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். "போட்டேன்" என்று சொல்வதை விட்டுவிட்டு "போட்டுக்கிச்சு" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த மரகதத்தக்காவின் வாசல் பெல்லும் அப்படித்தான் அடித்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேரட் லாரியில் கிளீனராகக் கீழே போன அவள் மகன் யுவராஜ் திரும்பி வரவில்லை, லாரி மட்டும் வந்தது. பெல்லின் நாக்கை மாற்றிய பிறகு, சாயங்காலம் ஏரியிலிருந்து மேகம் எழுந்து தெருவுக்கு வரும்போது அது தானாக அடிக்கும். அவள் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள், மேகம் நிற்கும், பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். இதை வைத்து ஊரில் யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் நல்லா இருந்திருக்காது.

அந்த அக்டோபரில் ஒரு காலை பெலவேந்திரன் சோடா மூடியை வைத்தான், விதை போடுவதற்கு முன்னால் டிக் என்றது. மூடியை எடுத்துவிட்டு வெறும் ஸ்விட்சைப் பார்த்தான், பார்த்ததற்கே டிக் என்றது. இனிக் குறைக்க ஒன்றும் இல்லை. அமலியைத் தூக்கி வந்து மூன்றாவது மெஷின் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கையை எடுத்துச் சிவப்புக் குண்டின் மேல் வைத்தான். அன்றைக்கு விமானம் பறந்த மாதிரி என்றைக்கும் பறந்ததில்லை. ஒரு குண்டுகூட அதன் மேல் படவில்லை, கட்டம் கட்டமாகத் தாண்டிக்கொண்டே போனது, குதிரைக்காரர்கள் வந்து கூடினார்கள், பாய் வந்தார், மடத்துச் சிஸ்டர்கள் இரண்டு பேர் குடையோடு நின்று பார்த்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போது அமலியின் கை சிவப்புக் குண்டிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. விமானம் நிற்கவில்லை. இடம் போனது, வலம் போனது, சுட்டது, தப்பித்தது. கூட்டம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, கையைப் பார்த்தவன் பெலவேந்திரன் ஒருத்தன்தான். சட்டென்று குனிந்து, சேலையைச் சரிசெய்கிற மாதிரி, அந்தக் கையை எடுத்து மறுபடி குண்டின் மேல் வைத்தான். அமலி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "யாருங்க இன்னிக்கு ஆடுனது?"

"நீதான்."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது அது."

அவன் அடுப்பைப் பற்ற வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாசாமாசம் நீங்க கழட்டுனது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? முத நாளே தெரியும். ஐம்பது விதைக்கும் அறுபது விதைக்கும் வித்தியாசம் தெரியாத கையா என் கை? எனக்காகத்தானே செய்யுறாரு மனுஷன், போகட்டும்னு பேசாம இருந்தேன். சோறு ஊட்டி விடுறீங்க, சரி. தலை சீவி விடுறீங்க, சரி. இது ஒண்ணுதாங்க என்னோடதுன்னு இருந்துச்சு. இப்ப அந்தக் குச்சியில ஒண்ணுமே இல்ல. நான் தள்ளுறேனா, காத்து தள்ளுதா, எனக்கே தெரியல." அவளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அந்த அறுபதைத் திரும்பப் போடுங்க."

"அமலி, ஒத்த விதைகூட உன்னால..."

"முடியலன்னா முடியலன்னு தெரியட்டும். அதாச்சும் என் கைக்குத் தெரியட்டும்." கையைப் பார்த்தாள். "இந்த விரல்ல ஏதோ மிச்சம் இருக்கு. இந்த மாசத்தோட அதுவும் போயிரும். அது போறதுக்குள்ள போடுங்க."

அப்போதுதான் அவனுக்கு அந்தச் செப்புப் பானையும் மூன்று நாள் அறுத்ததும், இப்பத்தான் இது குச்சி என்று அவள் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டு அழுதான், அவளும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை டின்னின் மூடியைத் திறந்து இடுக்கியை விட்டான். மேலே கிடந்த நாக்கைப் பிடித்து இழுத்தான், இடுக்கி வளைந்தது. இன்னொரு இடுக்கி, அதுவும் வளைந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினான், ஸ்குரூ டிரைவர் முறிந்தது. "தள்ளு, நான் பாக்குறேன்," என்று சிக்கந்தர் பாய் குனிந்து உள்ளே விரலை விட்டார், ஓரத்தில் கிடந்த ஒரு நாக்கு வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எடுக்கிற மாதிரி சுலபமாகக் கையோடு வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பாய் வெளிச்சத்தில் திருப்பினார். "அட, இது என் கடை பெல்லோட நாக்குப்பா. இந்தப் பச்சைக் களிம்பு எனக்குத் தெரியும்." பக்கத்தில் கிடந்ததைத் தொட்டார், அது அசையவில்லை. அவரவர் நாக்கு அவரவர் கைக்கு மட்டும்தான் வந்தது. வருஷக்கணக்காகத் தினமும் அமுக்கிக்கொண்டிருந்த கைக்கு அது ஒரு கனமே இல்லை, அடுத்தவனுக்குத்தான் மலை.

அமலியின் நாக்குகள் அடியில் கிடந்தன. அதற்கு மேலே ஊரே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் பீடத்திலிருந்தே விஷயத்தைச் சொன்னார், அதற்கு முன்னாலேயே வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களிடம் பாய் சொல்லியிருந்தார், சந்தைக்கு வந்தவர்களிடம் குதிரைக்காரர்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் கடை வாசலிலிருந்து படகுத்துறை வரைக்கும் வரிசை நின்றது. ஒவ்வொருத்தராக வந்தார்கள், குனிந்தார்கள், துழாவினார்கள், தங்களுடையதைக் கண்டுபிடித்தார்கள், கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்ப் பழையபடி ஸ்விட்சில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். மாவு மில்காரர், "சொகமா இருந்துச்சு, கெடுத்தீங்க," என்று முணுமுணுத்தார். லாட்ஜ்காரர் இரண்டு நாள் ஆளனுப்பாமல் இழுத்தடித்து, மூன்றாம் நாள் தன் பெண்டாட்டி திட்டியதால் தானே வந்து, ஒவ்வொரு ரூமுக்கும் ஒன்றாக நாற்பது நாக்கை வியர்க்க வியர்க்கப் பொறுக்கினார். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் விளக்குகள் தானாக எரியவில்லை, ஜனங்கள் எழுந்து போய் அமுக்கினார்கள், தெரு முழுக்க வீட்டுக்கு வீடு டிக் டிக் என்று கேட்டது.

மூன்றாம் நாள் முடிவில் அமலியுடையதற்கு மேலே ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

பெலவேந்திரன் மறுநாள் மத்தியானம் டீக்கடைக்குப் போனான். மரகதத்தக்கா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"எல்லாரும் எடுத்தாச்சாக்கும்?"

"உங்களது ஒண்ணுதாங்க்கா."

அவள் அதே கிளாஸை இன்னொரு தடவை கழுவினாள். "அது மேகம்னு எனக்குத் தெரியாதா தம்பி? பதினோரு வருஷமா மேகத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா பெல்லு அடிச்சதும் விசுக்குன்னு எந்திரிக்கிறேன் பாரு, கதவு வரைக்கும் நடக்கிறேன் பாரு, அந்த நாலு எட்டு நடக்கிறப்ப அவன் வந்திருக்கான். அதை எப்படிடா உன்கிட்ட எடுத்துக் குடுப்பேன்?"

 கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று திரும்பி நடந்தான். அவள் பின்னாலிருந்து கேட்டாள். "அமலி எத்தனை விதை கேக்குறா?"

"அறுபது."

"தள்ளிருவாளா?"

"மாட்டாக்கா."

"பின்ன எதுக்கு?"

"முடியலன்னா முடியலன்னு தெரியட்டும்ங்கிறா."

மரகதத்தக்கா கழுவின கிளாஸ்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மேகம் ஏறி வந்தது, பெல் அடித்தது, அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள், வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நின்றாள். காலையில் குளித்து, ஈரத் தலையோடு கடை வாசலுக்கு வந்து, யாரிடமும் பேசாமல் குனிந்து தன்னுடையதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நிமிர்ந்ததும்தான் பேசினாள். "இனிமே பெல்லு அடிச்சா ஆள் வந்திருக்குன்னு அர்த்தம். அடிக்கலன்னா வரலன்னு அர்த்தம். அவ்வளவுதானே, அதையும் பாத்துருவோம்," என்றாள். கடைக்குத் திரும்பவில்லை, அங்கேயே சுவரோரம் நின்றாள்.

பெலவேந்திரன் அமலியைத் தூக்கி வந்து டின் பக்கத்தில் தரையில் உட்கார வைத்து, பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து டின்னுக்குள் இறக்கினான். மணிக்கட்டைத்தான் அவன் பிடித்தான், விரலை மடக்கியது அவள்தான். மூன்று விதை நாக்கு நாலும் வந்தன, ஒன்பது விதை நாக்குகள் வந்தன, இருபத்திரண்டு, நாற்பது, ஐம்பது, ஒவ்வொன்றுக்கும் இடையில் இளைப்பாறி இளைப்பாறி எடுத்தாள், பொழுது உச்சிக்கு வந்தபோது அடியில் கறுத்துக் கிடந்த அந்த நாலு செப்பு நாக்கும் வெளியே வந்தன. பாய் காலியான டின்னை ஒரு விரலில் தூக்கி ஓரமாக வைத்தார். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் நாக்குகளைத் துடைத்தான், ஸ்விட்சில் பொருத்தினான், மூடியை வைத்து எல்லார் முன்னாலும் விதை போட்டான். ஐம்பத்தொன்பது வரைக்கும் சத்தம் இல்லை. அறுபதாவது விதைக்கு டிக் என்றது. பலகையை முடுக்கி, அமலியை நாற்காலியில் உட்கார வைத்து, கையை எடுத்துக் குண்டின் மேல் வைத்தான். பாய் டோக்கன் போட்டார். திரையில் விமானம் நடுவில் வந்து நின்றது.

அமலி வலப்பக்கம் தள்ளினாள். குச்சி அசையவில்லை. எதிரே வந்த குண்டு பட்டு விமானம் வெடித்தது, அடுத்தது வந்தது, அதுவும் வெடித்தது, மூன்றாவதும் வெடித்து ஆட்டம் முடிந்தது. பாய் இன்னொரு டோக்கன் போட்டார். அதுவும் முடிந்தது. இன்னொன்று போட்டார். அவள் தள்ளுகிறாளா சும்மா இருக்கிறாளா என்று வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை, கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழுந்து நின்றது, உதட்டைக் கடித்திருந்தாள், கண் திரையில் இல்லை, கையில் இருந்தது. பெலவேந்திரனால் தாங்க முடியவில்லை. சிவப்புக் குண்டின் இடப்பக்கம் ஒரு விரலை வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது, ஒரு மயிரிழை தள்ளிவிட்டால் போதும். விரலைக் கொண்டுபோனான். சிக்கந்தர் பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார், அன்றைக்கு டின்னைப் பிடித்ததைவிட இறுக்கமாகப் பிடித்தார், விடவில்லை. பாய் மறு கையால் டோக்கன் போட்டுக்கொண்டே இருந்தார். ஏரியிலிருந்து மேகம் ஏறி வாசல் வழியாகக் கடைக்குள் வந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. மரகதத்தக்கா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிரைகள் கூடச் சத்தம் போடவில்லை.

டிக்.

விமானம் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது. அது இருந்த இடத்தில் எதிரே வந்த குண்டு வெறும் ஆகாயத்தைக் கடந்து போனது.

யாரும் கைதட்டவில்லை. அந்தக் கை அதற்குப் பிறகு ஒரு ஸ்பூனைக்கூடத் தள்ளவில்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள், ஊர் முழுக்கத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கியது, யாரும் கனக்கிறது என்று சொல்லவில்லை. மூன்றாவது மெஷின் இன்றைக்கும் அறுபது விதையில்தான் இருக்கிறது, அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, அந்த மேகத்துக்குள், அமலியின் கை குண்டின் மேலேயே ஓய்ந்து கிடந்தது, நெற்றியெல்லாம் வியர்வை, அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"என்னங்க, நான்தானே தள்ளுனேன்?"

"நீதான்," என்றான் பெலவேந்திரன். இந்தத் தடவை அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.